கண்ணாடிப் பெட்டியில் ஒரு ஞானஸ்நானம்

தம்பி மனைவி மூன்றாவதாக உண்டானபோது, பிறக்கும் பிள்ளையை எனக்குத் தத்துக் கொடுப்பதாகப் பேச்சு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி ஊருக்கு இருக்கும் கவலை எனக்கு இருந்ததில்லை. பிள்ளை ஆசை மட்டும் இருந்தது. தம்பிதான் முதலில் சொன்னான்: "உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்க்கா."

அவள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். சாத்துக்குடி அளவுத் தலை. உடம்பெல்லாம் குழாய். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

தம்பி மனைவி உடம்பு தேறி உழவர்கரை வீட்டுக்குப் போனாள். அவள் பீய்ச்சித் தரும் பாலை ஐஸ் டப்பாவில் வைத்து ஸ்கூட்டரில் நான் கொண்டுவருவேன். பிள்ளை எப்படி இருக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்திருப்பாள். எனக்கு அது புரிந்தது, கோபமும் வந்தது. சித்தி, பெரியம்மா எல்லாம் போனோடு நின்றுகொண்டார்கள். "உசுரு தங்கட்டும், அப்புறமா வந்து பாக்கறோம்" என்றார்கள், வாடகை வீடு பார்க்க வருகிறவர்கள் மாதிரி.

வெளியே காத்திருந்த பெண்களுக்கெல்லாம் பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இருந்தார்கள். "ஒங்களுக்கு நார்மலா, சிசேரியனா?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் அத்தை என்றேன். அதோடு பேச்சு நின்றது. மறுநாள் புதிதாக வந்த ஒருத்தியிடம் அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு மதியம் பிள்ளையின் ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். மருந்து ஏற்றியிருக்கிறோம், கேட்டால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் நர்ஸ் என் பக்கத்தில் வந்தாள்.

"நீங்க வேதக்காரங்கதானே? தண்ணி ஊத்திடுங்களேன்க்கா."

அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பங்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

"அவ எங்கயும் போவல. எதுக்குத் தண்ணி?" என்று சீறினேன். அவள் குழாயைச் சரிசெய்தாள்.

அந்த ஞானஸ்நானத்தை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்தியிருந்தேன். கோயில் மணி, வெள்ளைக் கவுன், வந்தவர்களுக்குக் கொடுக்க, பிரான்சிலிருந்து சித்தி மகள் அனுப்பும் சர்க்கரை பூசிய பாதாம். என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்களை எல்லாம் முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"நீயே பாத்துச் செய்யிக்கா."

"நீ வாயேன்டா."

போனில் ஏதோ சத்தம். அவன் அழுதானா, ரோட்டு வண்டிச் சத்தமா, தெரியவில்லை. வைத்துவிட்டான்.

இவள் போய்விட்டால், தம்பி வீட்டில் ஒரு குறைப்பிரசவம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்குத் துக்கம் விசாரிக்கக்கூட யாரும் வரமாட்டார்கள். அதை நினைத்ததும்தான் எழுந்தேன்.

நர்ஸ் சிறிய ஊசிக்குழலில் சுத்தமான தண்ணீர் எடுத்துத் தந்தாள். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டேன். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று மூன்று முறை தலையில் தண்ணீர் விட்டேன். அவள் நெற்றியைச் சுளித்தாள். தூங்குகிறவளை எழுப்பிவிட்ட எரிச்சல். நர்ஸ் ஆமென் என்றாள். அதற்குள் வேறொரு பெட்டியில் மணி அடிக்க, ஓடினாள். எனக்கு அழுகை பொங்கியது. பக்கத்தில் யாராவது ஒருத்தர் நின்றால் போதும், எனக்குப் பிடிக்காதவர்களாக இருந்தாலும் சரி என்றிருந்தது.

மருந்து கேட்டது. பிள்ளை தேறினாள், வீட்டுக்கு வந்தாள், கோர்ட்டுக் கச்சேரி வேலையெல்லாம் முடிந்து சட்டப்படியும் என் மகளானாள். அப்புறம் எல்லோரும் வந்தார்கள். மோதிரம், கொலுசு, கவுன். ஞானஸ்நானத்தை ஜமாய்த்துவிட வேண்டும் என்றார்கள். சாமியார் முடியாதென்று தலையாட்டினார்.

"ஊத்துனது ஊத்துனதுதாம்மா. ஞானஸ்நானம் ஒரு தடவதான். எண்ணெ பூசறேன், மெழுகுத்திரி ஏத்துவோம். தண்ணி கெடையாது."

கோயில் வாசலில் தம்பி, "அப்ப நாங்க யாருமே பாக்கலையேக்கா" என்றான். அதற்கு ஒரு பதிலை நான் மாதக்கணக்கில் தீட்டி வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். "வா, சாப்பாடு ஆறுது" என்றேன்.

இப்போது அவள் நடக்கிறாள், ஓடுகிறாள். குளிப்பாட்டும்போது தலையில் முதல் செம்புத் தண்ணீர் விழுந்ததும் அதே சுளிப்பு, அதே எரிச்சல். "பாத்தியா, அன்னிக்கும் இப்படித்தான் செஞ்சா" என்று சொல்லத் திரும்புவேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவளிடமே சொல்லிவிட்டு அடுத்த செம்பை ஊற்றுவேன்.