சிவப்புச் சட்டையில் மங்கை

பிராக் நகரத்துக்கு வந்த புதிதில் ரொட்டிக் கடையில் எனக்கு ஒரு குழப்பம். கோதுமை ரொட்டி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கடைக்காரப் பெண் "நோ, நோ" என்றாள். இல்லைபோல என்று திரும்பி நடந்தேன். அவள் ரொட்டியைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை என் பின்னால் ஓடி வந்தாள். செக் மொழியில் ஆமாம் என்பதற்கு 'அனோ' என்று சொல்வார்கள். பேச்சில் அது தேய்ந்து வெறும் 'நோ' ஆகிவிடுகிறது. எனக்கு அது ஒரு ரொட்டியோடு போயிற்று. என் மனைவி மங்கை என்கிற மங்களேஸ்வரி பட்ட பாடுதான் பெரிது. அவள் இந்த நாட்டின் பெண்கள் ஹாக்கி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தவள். முதல் நாள் மைதானத்தில் ஒரு ஆட்டமுறையை விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் ஒரே குரலில் "நோ" என்றார்கள். மறுபடி விளக்கினாள். மறுபடியும் "நோ." சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "என்னங்க, இந்தப் புள்ளைகளுக்கு ஒண்ணுமே ஏற மாட்டேங்குது" என்று சோர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்களோ, நம்மை அடிமுட்டாள் என்று நினைக்கிறாரே என்று வருந்தியிருக்கிறார்கள்.

மங்கை சிக்கல் கிராமத்துக்காரி. அவள் அய்யாவுக்கு மிளகாய் விவசாயம். ராமநாதபுரத்தில் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும்போதுதான் மட்டையைக் கையில் எடுத்தாள். அங்கே மைதானம் என்பது கருவேல முள்ளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு ஆடுகிற பொட்டல். பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் பந்தைத் தன் மட்டையை விட்டு விலகவே விடமாட்டாள். பின்னாளில் இந்திய அணியில் நடுக்களத்தில் ஆடியபோது, அவளிடமிருந்து பந்தைப் பறிப்பது அத்தனை கஷ்டம் என்று பேர் வாங்கினாள். ஆசிய அளவில் கோப்பை வாங்கிய அணியில் இருந்தாள். முழங்கால் பழுதானபோது அழுதது ஒரு வாரம். அதன்பிறகு, ஆட முடியாவிட்டால் ஆட்டுவிப்பேன் என்று பயிற்சிப் படிப்பில் சேர்ந்தாள். இங்கே பிராக்கில் ஆட்டத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் புல்தரை மீது தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். பந்து வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம். நான் திருப்பாலைக்குடிக்காரன். குடிதண்ணீர்க் குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வளர்ந்தவன். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மங்கை மெதுவாக, "அய்யா இங்கன இருந்தா முதல்ல குழாயப் பூட்டிட்டுத்தான் மறுசோலி பாப்பாரு" என்றாள்.

அணியின் நட்சத்திரம் மார்த்தா. புயல் மாதிரி ஓடுவாள். ஆனால் பந்து கிடைத்தால் யாருக்கும் தரமாட்டாள். பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மங்கை அவளை ஆட்டத்திலிருந்து நிறுத்தினாள். அடுத்தடுத்துத் தோல்வி. மார்த்தா எங்கே என்று பார்வையாளர்கள் கத்தினார்கள். மங்கையின் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிற நிலை. நானே பயந்துபோய், "அவளை இறக்கிவிட்டா என்ன? நம்ம பொழப்பும் இருக்குல்ல?" என்றேன். "என் பொழப்புக்காக இறக்கினா அவ எப்பவும் தனியாத்தான் ஆடுவா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவள் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் மார்த்தாவைத் தன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார வைத்து, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்பாள். ஆரம்பத்தில் மார்த்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாரங்கள் போயின. ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "இடது ஓரத்தில் இவானா எப்போதும் தனியாக நிற்கிறாள். யாரும் அவளைப் பார்ப்பதில்லை." மங்கை அவள் முதுகில் தட்டி, "நோ!" என்றாள். மார்த்தா சிரித்துவிட்டாள். அடுத்த ஆட்டத்தில் அவள் களத்தில் இருந்தாள். அணி மெல்ல ஜெயிக்கத் தொடங்கியது.

உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் பிராக்கில். எதிரே இந்தியா. அன்று காலை மங்கை செக் அணியின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். மைதானத்தில் நம் தேசிய கீதம் ஒலித்தபோது அவள் கண்களை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. செக் கீதத்தை வாய்விட்டே பாடினாள். இந்தியா முதல் கோல் போட்டபோது என்னை அறியாமல் எழுந்து கை தட்டிவிட்டேன். பக்கத்திலிருந்த கிழவர் என் கழுத்திலிருந்த சிவப்புத் துண்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

இடைவேளைக்குப் பிறகு செக் அணியும் ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடியப்போகிற நேரம் மார்த்தா பந்தோடு கோல் முகத்துக்கு வந்துவிட்டாள். எதிரில் கோல்கீப்பர் மட்டும்தான். மார்த்தா அடிப்பாள் என்று அரங்கமே எழுந்தது. அவள் அடிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது பக்கம் தள்ளினாள். இவானா அங்கே நின்றாள். கோல்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் மங்கையைத் தூக்கப் போனார்கள். அவள் விலகி இந்திய அணி உட்கார்ந்திருந்த பக்கம் நடந்தாள். ஒரு சின்னப் பெண் மட்டையில் நெற்றியைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். மங்கை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டாள். தான் தேற்றுவது தன்னால் தோற்றவளை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அந்தப் பெண் எழுந்து போகும்போது குனிந்து மங்கையின் காலைத் தொட்டாள்.

வெளியே வந்தோம். அய்யா சிக்கலிலிருந்து போன் செய்தார். மங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏத்தா, யாரு ஜெயிச்சது?"

"நாமதாய்யா."

"என்னத்தா சொல்ற? இங்கன டிவியில இந்தியா தோத்துப்போச்சுன்னு சொல்றான்."

"ஆமாய்யா. அதுவும் நெசந்தான்."

அய்யா நிதானமாகக் கேட்டார்: "அப்ப நான் சந்தோசப்படவா, வேணாமா?"

மங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "படுங்கய்யா. நல்லாப் படுங்க. டீக்கடைப் பக்கம் மட்டும் காட்டிக்காதீங்க" என்றாள்.

எங்கள் பேருந்திலிருந்து பெண்கள் "மங்கா, மங்கா" என்று பாட்டாகவே கூப்பிட்டார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மங்கை ஒரு காலைப் படியில் வைத்தவள், அப்படியே நின்று திரும்பினாள். எதிர்ப்புறம் நீலச் சட்டைக்காரப் பெண்களின் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. அது வளைவில் மறையும்வரை, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக, அவள் கையசைத்துக்கொண்டே இருந்தாள்.