மாஸ்கோவில் கழற்றிய பூட்ஸ்

நான் மாஸ்கோவிலிருந்து சித்தூருக்குத் திரும்புவதற்குள் என் கால்கள் வந்து சேர்ந்துவிட்டன. ரஷ்யச் செய்தித்தாள் ஒன்றில் அச்சாகியிருந்த என் இரண்டு வெறுங்கால்கள். எங்கள் பயணக் குழுவில் வந்த ஓர் ஆங்கிலேய அம்மாள் அந்தப் படத்தைக் கத்தரித்து, உங்கள் சித்தூர்ப் பெண்ணுக்கு அங்கே எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று நல்ல மனதோடு நாலு வரி எழுதி, எங்கள் மிஷன் துரைக்குத் தபாலில் போட்டுவிட்டாள். தபால் வந்த கப்பல் நான் வந்த கப்பலைவிட வேகமானது.

சித்தூர் மிஷன் பெண்கள் பள்ளியில் அப்போது தலைமையாசிரியை நாற்காலி காலியாக இருந்தது. அதுவரை வெள்ளைக்கார அம்மாக்கள்தான் அதில் உட்கார்ந்திருந்தார்கள். இனி நம்மவர்களில் ஒருத்தியை உட்கார வைப்பது என்று முடிவாகி, அதற்கென்றே என்னை ஒரு வருஷம் இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், குடுபல்லிப் பக்கம் பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு என்னைவிடத் தகுதியானவள் இந்த ஜில்லாவில் இல்லை என்றும் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாஸ்கோவுக்குப் போனது என் யோசனை அல்ல. இங்கிலாந்தில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் ஒரு ஆசிரியை. ஆசிரியைகளுக்கான கோடைப் பயணம் ஒன்றில் சேர்ந்திருந்தவளுக்குப் புறப்படும் வாரத்தில் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. வீங்கிய கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, டிக்கெட் வீணாகக் கூடாது, நீ போ என்றாள். போனேன். லண்டனில் கப்பல் ஏறி லெனின்கிராடில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மாஸ்கோ.

அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் என் வயதுப் பெண். குட்டையாக வெட்டிய முடி, நல்ல ஆங்கிலம், என்னைப் போலவே கர்வம். குழுவில் நான் ஒருத்திதான் கறுப்பு என்பதால் என்னைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டாள். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் வெள்ளைக்கார ஆசிரியைகளைப் பின்னால் தள்ளி என்னை முன்னால் நிறுத்துவாள். "இந்தியாவின் ஒடுக்கப்பட்ட பெண்" என்பாள். "பயிற்சி பெற்ற ஆசிரியை" என்று நான் திருத்துவேன். அவள் ரஷ்ய மொழியில் நீளமாக ஏதோ சொல்வாள். கூட்டம் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் வரிசையாக வந்து என் கையில் ரொட்டித் துண்டுகளை வைத்துவிட்டுப் போனார்கள். நான் அப்போதுதான் ஓட்டலில் மூன்று வகை மீன் தின்றுவிட்டு வந்திருந்தேன்.

கடைசி நாள் காலையில் செஞ்சதுக்கத்துக்குக் கூட்டிப்போனாள். அவர்களுடைய பெரிய தலைவரின் உடலைக் கெடாமல் பதப்படுத்தி ஒரு கல் மண்டபத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க மைதானத்தையே சுற்றி வளைத்து வரிசை நின்றது. நாங்கள் வெளிநாட்டார் என்பதால் எங்களை நேரே முன்னால் கொண்டுபோய்ச் செருகினாள். ஆங்கிலேய ஆசிரியைகள் கூச்சத்தில் சிவந்துபோனார்கள். எனக்குக் கூச்சமே வரவில்லை. சின்ன வயதில் நான் படித்த மிஷன் போர்டிங் திருப்பதியில் இருந்தது. வரிசையில் வெந்துகொண்டிருக்கும் ஜனங்களை விலக்கிவிட்டு ஜமீன்தார் வீட்டாரை முன்னால் அழைத்துப்போவது எனக்குப் பழகிய காட்சி.

மண்டபத்தை நெருங்க நெருங்கப் பேச்சு நின்றது. ஆண்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் இரண்டு சிப்பாய்கள் சிலை மாதிரி நின்றார்கள். உள்ளேயிருந்து குளிர்ந்த கல்லின் வாடை வந்தது. அவ்வளவுதான். நான் குனிந்தேன், பட்டையை அவிழ்த்தேன், பூட்ஸ் இரண்டையும் ஓரமாக, வலதுபக்கச் சிப்பாயின் காலடியில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பக்தி கிடையாது. சித்தூரில் எங்கள் தேவாலயத்தில் நாங்கள் பாய் விரித்து உட்காருபவர்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போவோம். கூட்டமும் மௌனமும் கல்லும் ஒரு வாசலும் சேர்ந்தால் கை தானாகச் செய்கிற வேலை அது. சிப்பாய் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இறக்கி என் பூட்ஸைப் பார்த்தான். பேசக் கூடாது என்பது அவன் உத்தியோகம்.

உள்ளே நிற்கவிடவில்லை. நடந்துகொண்டே பார்க்க வேண்டும். அவர் மத்தியானத்தில் கண் அசந்துவிட்ட பள்ளி இன்ஸ்பெக்டர் மாதிரி இருந்தார். காலடியில் கல் சில்லிட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது. திரும்பினால் ஒரு சிப்பாய் கையை நீட்டி முன்னால் போகச் சொன்னான். அங்கே வரிசை ஒரே பக்கம்தான் போகும். வெளியே வரும் வாசல் வேறு.

வெறுங்காலோடு மைதானத்தில் நின்ற என்னைப் பார்த்து வழிகாட்டிப் பெண்ணின் முகம் வெளுத்தது.

"யார் கழற்றச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை."

"அப்படியானால் பரம்பரை பரம்பரையாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் எங்கிருந்தோ ஒருவன் காமிராவோடு வந்து என் கால்களுக்கு முன் மண்டியிட்டான்.

பூட்ஸை மீட்கப் போனோம். சிப்பாய்கள் மாறியிருந்தார்கள், பூட்ஸ் இல்லை. ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த அதிகாரி அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மண்டப வாசலில் எந்தப் பொருளையும் விட்டுச்செல்ல அனுமதி இல்லை, ஆகவே எந்தப் பொருளும் விடப்படவில்லை என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். அது தம் இலாகா இல்லை என்பதுபோல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைகளில் என் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சாயங்காலம் ரயிலடியில் வழிகாட்டிப் பெண் தான் மழைக்காகச் செருப்புக்கு மேலே போட்டிருந்த ரப்பர் மேல்ஜோட்டைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். அவளிடம் வேறு மேல்ஜோடு இல்லை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். போட்டுக்கொள் என்று கத்தினாள். இரண்டு பேரும் ரயில் நகரும்வரை சண்டை போட்டோம். அந்த ரப்பர் ஜோடு லண்டன்வரை வாத்து மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு என்னோடு வந்தது.

சித்தூர் ரயிலடிக்கு நைனா வந்திருந்தார். பெட்டியை வாங்குவதற்கு முன்னால் என் காலைப் பார்த்தார். லண்டனில் வாங்கிய புது பூட்ஸ் இருந்தது.

"மூப்பரு அந்தப் படத்தக் காட்னாரு" என்றார். மூப்பர் என்பது எங்கள் சபையின் பெரியவர், பள்ளிக் கமிட்டியிலும் இருப்பவர். "காலப் பாத்ததுமே உன்னுதுன்னு தெரிஞ்சுக்கினேன். ஊர்த்தெருவுல செருப்பக் கைல எடுத்துக்கினு நடந்தவங்க நாங்க. நீ கடலத் தாண்டிப் போயும் கழட்டிட்டு வந்துகீறியே. அங்க எவன் அடிக்கப்போறான்?"

"யாரும் அடிக்கல நைனா. நானாதான் கழட்னேன்."

"அது இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்காதான். வரதய்யபாளையத்துக்காரி, வருஷத்துக்கு இரண்டு தடவை திருப்பதி மலை ஏறுகிறவள்.

"கோயில் வாசல்ல செருப்பு தொலைஞ்சா பீட போச்சுன்னு அர்த்தம்மா! ரெண்டுமா போச்சு?"

"ரெண்டும்தான். ஆனா அது கோயில் இல்லக்கா. சமாதி."

"க்யூ இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"நிக்கவுடாம தள்னாங்களா?"

"ஆமா."

"உள்ள போறது ஒரு வழி, வெளிய வர்றது வேற வழியா?"

"ஆமாக்கா."

"அப்புறம் இன்னா கோயில் இல்லன்ற? சரி, பிரசாதம் இன்னா குடுத்தாங்க?"

எதுவும் கொடுக்கவில்லை என்றதும்தான் அவளுக்கு அந்த ஊர்மேல் சந்தேகம் வந்தது.

தள்ளித் தள்ளிப் போட்டுக் கமிட்டி அடுத்த சித்திரையில்தான் கூடியது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அக்கா அப்போதுதான் திருப்பதியிலிருந்து இறங்கியிருந்தாள். வழுவழுவென்று மொட்டை, கையில் இலையில் மடித்த பெரிய வடை. கேட்டுக்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்தாள். "டீச்சரம்மா! உன் எட்மாஸ்டர் வேலைக்குத்தான் முடி குடுத்துட்டு வந்துகீறேன்! இந்தா, துன்னு!"

என் பக்கத்தில் நின்ற மூப்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

கமிட்டியில் மூன்று பேர். துரை, போதகர், மூப்பர். மேஜைமேல் செய்தித்தாள் துண்டு, அதன்மேல் பறக்காமல் இருக்க மசிக்கூடு. துரைக்கு நல்ல தமிழ் தெரியும். புத்தகத்தில் படித்த தமிழ்.

"அம்மணி, நீர் அந்த நாஸ்திகருடைய கல்லறையண்டையில் உமது பாதரட்சைகளைக் கழற்றினது மெய்தானோ?"

"மெய்தான் ஐயா."

மூப்பர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பக்தியிலயாம்மா?"

"இல்லைங்க மூப்பரே. பழக்கத்துல."

"பழக்கத்துல!" அவருக்கு வாதம் என்றால் சர்க்கரை. "அப்ப நம்ம சர்ச்சுல நீ கழட்றதும் வெறும் பழக்கம்தானா? பக்தி இல்லியா?"

பக்தி என்றால் பிணத்தைக் கும்பிட்டவள். பழக்கம் என்றால் தேவாலயத்தில் பக்தி இல்லாதவள். எந்தப் பக்கம் போனாலும் நாற்காலி போய்விடும்.

"அந்த மொட்டை வேற" என்றார் மூப்பர்.

"மொட்டை என் தலையில இல்லைங்களே" என்றேன். துரை என் தலையைக் கவனமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

போதகர் சாது. எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மெதுவாகச் சொன்னார்: "இத இழுப்பானேன்? பூட்ஸத் திருடிட்டாங்கன்னு சொல்லிடும்மா. சாமி இல்லன்றவங்க ஊரு. திருட்னாங்கன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. அப்டியே எழுதிக்கினு வேலையக் குடுத்துடலாம்."

துரை பேனாவை மசியில் தொட்டுத் தயாராகப் பிடித்தார். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கண்ணுக்கு அந்த நாற்காலி தெரிந்தது. கூடவே ரயிலடியில் கத்திய பெண்ணும் தெரிந்தாள்.

"யாரும் திருடலைங்க. நானேதான் கழட்டி வெச்சேன். அந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி தன் காலில இருந்தத எனக்குக் குடுத்தனுப்புனா. திருட்டுன்னு சொல்ல மாட்டேன்."

போதகர் பெருமூச்சு விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று மூப்பர் பக்கம் திரும்பினேன். "கழட்டினா பக்தின்னு சொல்றீங்களே மூப்பரே, கழட்டலன்னா அது இன்னாங்க?"

கேட்டபோது எனக்கு வேறு எண்ணம் இல்லை. ஆனால் மூன்று பேருடைய பார்வையும் ஒன்றாக மேஜைக்கு அடியில் இறங்கியது. அங்கே துரையின் பழுப்பு நிறப் பூட்ஸ் இருந்தது. ஞாயிறு தவறாமல் அதோடுதான் அவர் எங்கள் பாய்களுக்கு நடுவே நடந்து பிரசங்க மேடை ஏறுவார்.

"தொரைங்க வேற" என்றார் போதகர் அவசரமாக.

மூப்பர் நேர்மையானவர். வாதத்தைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது. "எப்டி வேற?" என்றார். "ரொம்ப நாளா எனக்கே கேக்கணும்னு இருந்திச்சு. தொர, நீங்க ஏன் கழட்றதில்ல?"

துரை சிவந்தார். "எங்கள் தேசத்தில் குளிர் மிகுதி. ஆதலால் சிரசிலுள்ள தொப்பியை அகற்றுவதே எங்களுக்குள் வழக்கம்."

"சித்தூர்ல இன்னா குளுரு தொர?"

அது சித்திரை மாதம். மேஜைமேல் இருந்த தண்ணீர்கூடச் சுட்டது.

"தொப்பிதான் கணக்குன்னா, மூப்பரே, உங்க தலப்பா?" என்றார் போதகர். மூப்பர் ஆராதனையில் தலைப்பாகையை எடுப்பதில்லை. அவர் கை தலைக்குப் போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. தலையா காலா என்று சாயங்காலம்வரை மூன்று பேரும் பேசினார்கள். இடையில் துரை என்னை எழுப்பிக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் தீர்மானம் எழுதினார்கள். பாதரட்சை கழற்றுவது பக்தியா வழக்கமா என்ற கேள்வியை மிஷனின் மேல் சங்கத்துக்கு அனுப்புவது. அங்கிருந்து தீர்ப்பு வரும்வரை நான் தற்காலிகத் தலைமையாசிரியை. மேல் சங்கத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் பூட்ஸ் போட்டவர்கள், மீதிப்பேர் தலைப்பாகை கட்டியவர்கள். இரண்டு வருஷமாகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறார்கள். வழியில் பார்க்கும்போதெல்லாம் மூப்பர், "பதில் வந்துச்சாம்மா?" என்று ஆவலாகக் கேட்பார். அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

தீர்மானம் எழுதின மறுநாள் காலையிலேயே நான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நெட்டையான வெள்ளைக்கார அம்மாக்களுக்குச் செய்தது. கை மேஜைக்கு எட்டியது, கால் தரைக்கு எட்டவில்லை. ஆசாரியை வரச்சொல்லி நாற்காலியின் நான்கு கால்களையும் நாலு விரல் அளவு அறுக்கச் சொன்னேன். ரம்பத்தின் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும். தற்காலிகமாக உட்காருகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று மூப்பர் ஆள் அனுப்பிக் கேட்டார்.

அறுத்தாகிவிட்டது, இனிமேல் மரம் வளராது என்று சொல்லி அனுப்பினேன்.