சட்டைப்பையில் பிளக்

பாடாங் செராயில் மூடப்பட்ட காப்பிக்கடையிலிருந்து, காசு போட்டால் பாடும் பழைய ஜூக்பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்தேன். முதல் நாளே என் மனைவிக்கு ஷாக் அடித்தது. “இன்னொரு தடவை அடிச்சா இது வீட்ல இருக்காது,” என்றாள்.

மறுநாள் நரைமீசை எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். பிளக்கைப் பிடுங்கித் தம் சட்டைப்பையில் செருகிக்கொண்ட பிறகே பெட்டியைத் திறந்தார்.

“சுவிட்ச நிறுத்துனா போதாதாண்ணே?”

“உங்க வீட்ல பாட்டுப் பைத்தியம் எத்தனை பேருன்னு எனக்கு எப்படித் தெரியும்லா?”

முதலில் எர்த் கம்பி போட்டார். பிறகு காசில்லாமலே பாடும்படி இணைப்பை மாற்றினார். சட்டைப்பையிலிருந்த பிளக்கை அவர் மறுபடி மாட்டியதும், மனைவி பயந்துகொண்டே பொத்தானை அழுத்தினாள். பாட்டுதான் வந்தது. சிரித்தபடி அடுத்ததையும் அழுத்தினாள்.

புறப்படுமுன் அவரும் ஒரு பாட்டுக் கேட்க விரும்பினார். ஆனால் இருபது காசைப் போட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார்.

“இப்பத்தான் சும்மாவே பாடுமேண்ணே?”

“ஓசியில கேட்டா இனிக்காதுலா.”

அன்று அவருக்கு இனித்ததா என்று தெரியவில்லை. பாட்டு முடியும்வரை என் மனைவியும் உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.