கவிழ்த்து வைத்த படம்

தோஹாவிலிருந்து என் மகன் யாசீன் என் உம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். அசர் பாங்கு கேட்டதும் உம்மா, "இரு ராசா, தொழுதுட்டு வாரேன்" என்று போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அழைப்பைத் துண்டிக்கவில்லை.

என் சின்ன வயதில், கீழக்கரை வீட்டு மாடத்தில் வாப்பாவின் படம் இப்படித்தான் கவிழ்ந்து கிடக்கும். உருவப்படம் உள்ள வீட்டுக்குள் மலக்குகளான வானவர்கள் வரமாட்டார்கள் என்று, படம் போட்ட காலண்டரைக்கூட உள்ளே விடாதவர் உம்மா. சவுதி போன வாப்பா முதல் கடிதத்தோடு ஒரு கலர் போட்டோ அனுப்பிவிட்டார். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட உம்மாவுக்கு மனம் வரவில்லை. ஐந்து வேளையும் தொழும்போது மட்டும் கவிழ்த்து வைப்பார்.

"வாப்பாவுக்கு மூச்சு முட்டாதா உம்மா?" என்று ஒருநாள் அழுதேன்.

"மலக்குமார் வந்துட்டுப் போவட்டும்டி. அதுவரைக்கும் உங்க வாப்பா பொறுத்துக்கிருவாக."

தொழுகை முடிந்ததும், பாயைச் சுருட்டும் முன்பே உம்மாவின் கை மாடத்துக்குத்தான் போகும்.

இன்று கவிழ்ந்த போனிலிருந்து சத்தமே இல்லை. யாசீன் வைத்துவிட்டான் என்றே நினைத்தேன். தொழுது முடித்த உம்மா, கையேந்தி துஆவில் அவன் பெயரைச் சொன்னார். மேசையிலிருந்து மெல்ல வந்தது: "ஆமீன்."