மேசைக்குக் குறுக்கே ஒரு கயிறு

காலை ஆறேகால் மணிக்குக் கீழறைக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை, எங்கள் டேபிள் டென்னிஸ் மேசையின் நடுவே தொங்கிய ஈர ரப்பர் ஷீட்டுகள்.

அப்பாவுக்குக் குடிகிடப்பாக, அதாவது குடியிருந்த உரிமையில், கிடைத்த நிலம் சரிவானது. வீட்டுக்கு அடியில் மிஞ்சிய இடத்தில், லீவுக்கு வந்த அண்ணனும் நானும் மண் வெட்டிச் சுமந்து விளையாட்டு அறை கட்டினோம். அயனிப் பலகையில் மேசையும் நாங்களே அடித்தோம். அன்று மாலை அண்ணன் வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் ஒரு ஆட்டமாவது ஆடிவிட நினைத்து, தான் வாங்கிவந்த வலையை மாட்ட முந்தின நாளே கயிறு கட்டியிருந்தான்.

ரப்பர் மரம் உள்ள வீட்டில் மழைக்காலத்தில் உள்ளே கயிறு கட்டினால், அது பாலை உறையவைத்து அடித்த ஷீட்டைக் காயப்போடத்தான்; எதற்கென்று யாரும் கேட்பதில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

“எம்மா, இது வலை கெட்டுததுக்கு உள்ள கயிறாக்கும்!” என்றான் அண்ணன்.

“எனக்கு வேண்டி கெட்டினதுண்ணுல்லா நெனச்சேன். இனி எடுத்து மழையில போடவா? நீ அதுக்கு மேல தட்டு மக்கா.”

தட்டினோம். ஷீட்டுகள் மேசையில் படாமலிருக்க அம்மா கயிற்றை ஏற்றிக் கட்டியிருந்ததால், அவை வலையைவிட உயரம். அவற்றில் பட்ட பந்து துள்ளாமல் அப்படியே விழுந்தது. அண்ணன் தோற்றான்.

“எலே, இது கள்ள வலையாக்கும்,” என்றான். வாசலில் நின்ற அம்மா சிரித்துக்கொண்டே ஷீட்டுகளைத் திருப்பிப் போட்டாள்.

அண்ணன் வாங்கிவந்த வலை அடுத்த லீவு வரை உறையிலேயே இருந்தது.