ஊமைப் படத்துக்கு இடாப்புக் கூப்பிட்டவர்

மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் இத்தாலியச் சினியோரா ஒருவரின் வீட்டுப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செபமாலை அண்ணையின் மனைவி மேரி அக்கா போன் எடுத்தார். "இவர் மோசம் போயிட்டார், பிள்ளை." அண்ணையைக் கேலி செய்தே பழகிய வாய் எனக்கு. "இண்டைக்கு என்ன நடிப்பாம்?" என்று கேட்டுவிட்டேன். அக்கா அழுத பிறகுதான் அண்ணை இறந்தது விளங்கியது.

ஈஸ்டர் திங்களில் அல்பெர்கேரியாக் கோயில் மண்டபத்தில் அவர் காட்டும் படம் இங்கே வேலைக்கு வந்த தமிழர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். சினியோராக்கள் ஊர் சுற்றப் போய்விடுவார்கள், எங்களுக்கு லீவு. கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவன் கரும்பலகையைக் கதவென்று நினைத்து முட்டுகிற பழைய சிரிப்புப் படம். சத்தம் கிடையாது. திரைக்குப் பக்கத்தில் நின்று அண்ணைதான் எல்லாருக்கும் கதை கொடுப்பார். புரொபசர் வாய் திறந்தால், "தம்பி, அது பலகை. படிப்பு இன்னும் திறக்கேல்லை" என்பார்.

புரொபசர் வரவு பதிய இடாப்புக் கூப்பிடும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு வருடமும் அதே ஒன்பது பெயர். "அன்ரன்!" "வந்தன் சேர்!" "சிவநேசன்!" "வந்தன் சேர்!" வேலைக்குப் போகிற பஸ்ஸில் நான் அதை அவரைப்போலவே மூக்கால் கூப்பிட்டுக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். ஒருமுறை மண்டபத்திலேயே கத்தினேன்: "அண்ணை, புதுப் பெயர் ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

அவரும் சேர்ந்து சிரித்தார். "வகுப்பு நிரம்பிட்டுது, பிள்ளை."

பிறகு திரைச்சீலையை மடிக்கும்போது சொன்னார்: "ஊரிலையிருந்து கம்பஸ் படிப்புக்கு எடுபட்ட ஆக்கள் நாங்கள் பத்துப் பேர். போக முதல் சண்டை வந்திட்டுது. மிச்சம் நான் ஒருத்தன்தான். அவங்கள் இந்தப் படத்திலையாவது வகுப்பிலை இருக்கட்டும். நீ பகிடி விடு, பரவாயில்லை. பெயர் கேக்குதெல்லே."

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். சீலையின் மற்ற நுனியைப் பிடித்து மடிக்க உதவினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அக்கா அந்தப் படத்தைப் போட்டார். திரைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வாய்கள் அசைந்தன, ஒருவரும் சிரிக்கவில்லை. புரொபசர் இடாப்பைத் திறந்தார். மாணவர்கள் எங்களையே பார்த்தபடி கை உயர்த்தினார்கள்.

அக்கா என் கையைப் பிடித்தார். "அந்தப் பெயருகளை அவர் ஒரு இடமும் எழுதி வைக்கேல்லை, பிள்ளை. எனக்கு ஆறு பேருக்கு மேலை ஞாபகம் வருகுதில்லை."

எழும்பினேன். பகிடிக்காகப் பாடமாக்கிய அந்த மூக்குக் குரலில் ஒன்பதும் வரிசை பிசகாமல் வந்தன. என் வாயிலிருந்து அவர் கூப்பிடுவதுபோல இருந்தது. பத்தாவதாக, "செபமாலை!" என்றேன். பின்வரிசைப் பிள்ளைகள் தங்கள் இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் வரவு சொல்வதுபோல, "பிரெசென்தே!" என்று கத்தினார்கள்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது பத்துப் பெயர்கள். வேலையில் தனித்து நிற்கும்போது வாய் தன்பாட்டில் கூப்பிடுகிறது. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.