போடில் வரைந்த பூச்சி

கணவர் பிரீபன் இறந்தபின் போடில் வரைந்த முதல் படப்புத்தகம் அது. பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால் இனி வரைவதில்லை என்று நினைத்துக்கொண்டே, ஓடென்ஸ் நகரத்தில், சிறுபிள்ளைகள் மரங்களுக்கிடையே விளையாடிக் கற்கும் காட்டுப் பள்ளிக்கு எடுத்துப்போனாள். கட்டைக்கடியில் வாழும் சாம்பல் பூச்சியின் படத்தை ஐந்து வயது தோரா விரல்வைத்து எண்ணினாள்.

“போடில், பன்னெண்டு கால்தான் போட்டிருக்கே. பதினாலு இருக்கணும்!”

“நெசமாவா? நீ எண்ணிப் பாத்தியா?”

“பின்னே? நீதான் எண்ணல. வா, காட்டுறேன்.”

போடிலின் முகம் சுருங்கியது. அவள் வரையும் பூச்சிகளின் கால்களை எண்ணிச் சரிபார்த்தது எப்போதும் பிரீபன்தான். அதற்குள் பிள்ளைகள் மழைச்சட்டையோடு ஓடி ஒரு கட்டையைப் புரட்டி, ஆளுக்கோர் எண்ணைச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். அவளும் ஈரமண்ணில் மண்டியிட்டு எண்ணினாள். பதினாலுதான்.

அன்று மாலையே அந்தப் பக்கத்தைத் திரும்ப வரைந்தாள். பூச்சிக்கு உடல் மட்டும் போட்டு, “கால்களை நீயே எண்ணி வரை” என்று கீழே எழுதினாள்.